பேரிகையில் இல்லாத கடை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன். மூன்று சுழி எங்கே, இரண்டு சுழி எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மகள் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இந்த விஷயத்தைச் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தேன் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் எந்த பஸ்ஸிலிருந்தும் குதிக்கவில்லை.

நாங்கள் பாரூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரு கம்பெனியில் லோடிங் பகுதியில் இருக்கிறேன். பெட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்றும் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துப்போயிற்று. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. "இவருகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள ஒலையில அரிசி வெந்துடும்" என்று மனைவி எல்லாரிடமும் சொல்வாள். அது உண்மைதான்.

மகள் முதலில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே செய்யும் வேலை, கால் வீங்கிவிட்டது. அதை விட்டுவிட்டு வேறு இடம் தேடினாள். ஒருநாள் சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து, "அப்பா, எனக்கு வேல கெடச்சிருச்சு, ஃபேரி கடையில" என்றாள். என் காதில் விழுந்தது "பேரிகை கடையில" என்று. பேரிகை எங்களுக்குத் தெரிந்த ஊர். பாகலூரைத் தாண்டிப் போனால் வரும், கர்நாடகா எல்லை ஓரம். "என்ன கடை?" என்று மனைவி கேட்டதற்கு, "கிஃப்ட் கடை மாதிரிம்மா" என்றாள். சுவர்க் கடிகாரம், சாமி படம், கல்யாணத்துக்குக் கொடுக்கும் டின்னர் செட், இவற்றை அடுக்கி வைத்த ஒரு கடையை நான் மனதில் நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பேரிகை என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினாள். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தினமும் அவ்வளவு தூரம் போய் வருகிறாளே என்று மட்டும் நினைத்தேன். கேட்கவில்லை. வளர்ந்த பெண்ணிடம் துருவித் துருவிக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

இப்படிச் சில மாதங்கள் போயின. பிறகு காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். பையன், அவன் அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன் என்று வந்தார்கள். எல்லாப் பேச்சும் அந்தத் தாய்மாமன்தான். பஜ்ஜி வருவதற்கு முன்பே என்னைச் சம்பந்தி ஆக்கிவிட்டார்.

"பொண்ணு எங்க வேலைக்குப் போவுது சம்பந்தி?"

மனைவி அடுப்படியில் இருந்தாள். மகள் உள் அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

"பேரிகைல ஒரு கிஃப்ட் கடைங்க" என்றேன்.

அன்று முழுவதும் நான் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. புறப்படும்போது பையனும் மகளும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தோம்.

பெண் பார்த்தபின் இரண்டு வீட்டாரும் விசாரிப்பது எங்கள் பக்கம் வழக்கம். எங்கள் சார்பில் மச்சினன் மாங்கூழ் கம்பெனிக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டான். "தங்கமான பையன். சீசன்ல தூங்க மாட்டான், சீசன் முடிஞ்சா எழுந்திரிக்க மாட்டான்" என்று அவர் சொன்னாராம். எங்களுக்குத் திருப்தி. அவர்கள் சார்பில் விசாரிக்கப் பேரிகைக்குப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாய்மாமன் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, நாங்க நேத்து பேரிகைக்குப் போயிருந்தோம்." சம்பந்தி என்ற வார்த்தை வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"சரிங்க" என்றேன்.

"சூளகிரில எறங்கி, வேற பஸ்ஸு புடிச்சு, அந்த வெயில்ல போனோம். பஸ் ஸ்டாண்டுல கேட்டோம். வளையல் கடையில கேட்டோம். உரக்கடையில கேட்டோம். கிஃப்ட் கடைங்க, ஓசூர்லேர்ந்து ஒரு பொண்ணு வேலைக்கு வருதுங்க, எங்க இருக்குதுன்னு. ஒருத்தன் தெலுங்குல இல்லேங்கறான், ஒருத்தன் கன்னடத்துல இல்லேங்கறான். தமிழ்ல இல்லேன்னு சொல்லத்தான் ஆளு அம்புடல. அதையும் நீங்களே சொல்லிடுங்க."

நான் போனை மனைவி பக்கம் தள்ளினேன்.

"பொண்ணு தெனமும் பஸ்ஸேறிப் போவுதுல்ல? எங்க போவுதுன்னு மட்டும் கேட்டு வைங்க." போன் நின்றுவிட்டது.

இதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் வீட்டிலிருந்து கிளம்புகிறாள். அவள் சொன்ன ஊரில் அப்படி ஒரு கடையே இல்லை. காவேரிப்பட்டினத்தில் இந்தப் பேச்சு கிளம்பினால் பாரூருக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. இந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, அவள் பெயரே போய்விடும்.

மகள் தலை துவட்டிக்கொண்டே வந்து நின்றிருந்தாள்.

"பேரிகையா? யாரு சொன்னது பேரிகைன்னு?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"நீதானம்மா சொன்ன, பேரிகை கடைன்னு" என்றேன்.

"ஐயோ அப்பா! ஃபேரி! ஃபேரி கடை!"

"அதான். பேரிகை கடை."

"கை இல்லப்பா! வெறும் ஃபேரி!"

"யாருக்குடி கையில்ல?" என்றாள் மனைவி.

"ஃபேரின்னா தேவதைம்மா. தேவதை பொம்மையெல்லாம் விக்கற கடை."

"கோயில் சாமான் கடையா? சூடம், ஊதுபத்தி?"

"இல்லம்மா. றெக்கை வெச்ச தேவதை."

"எந்த சாமிக்குடி றெக்கை இருக்குது?"

மகள் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் காட்டினாள். முன்னால் மூன்று புள்ளி. பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தைப் படித்தேன். அதன்பிறகு என் பிழைப்பில் அது ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

"அப்ப பேரிகை பஸ்ல ஏறினியே?"

"அது எங்க கடை வழியாத்தான போவுது. பாகலூர் ரோட்டுலயே எறங்கிடுவேன்." அவள் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. "இத்தன மாசமா நான் பேரிகைக்குப் போயிட்டு வர்றேன்னா நெனச்சிட்டிருந்த? என்ன கடைன்னு ஒரு நாளு கேக்கணும்னு தோணலையாப்பா?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கிச் சொல்ல மனைவி போன் செய்தாள். "அண்ணா, அது பேரிகை இல்லீங்ணா. பேரி."

"அது எந்த ஊருங்க? பாகலூருக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"ஊரு இல்லீங்ணா. தேவதை."

"ஏம்மா, நான் செவ்வாக்கெழம வர்றேன். உங்க ஊட்டுக்காரரு என்னக் கூட்டிப் போயி அந்தத் தேவதையக் காட்டட்டும்" என்றார். செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு யாரும் வரமாட்டார்கள். எப்படிப்பட்ட வருகை என்பது அதிலேயே புரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். நாங்கள் ஏறியதும் பேரிகை பஸ்தான். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்தபின் கேட்டார்.

"கடைய நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"பெத்தவரே பாத்ததில்ல" என்று ஜன்னலிடம் சொன்னார்.

மகள் சொல்லியிருந்த அடையாளம் ஒரு பேக்கரி. அதற்கு எதிரே இறங்கினோம். புதிதாக வீடுகள் வந்த பகுதி. ஒரு மாடி வீட்டில், கீழே கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்துக் கடையாக்கியிருந்தார்கள். முன்பக்கம் கண்ணாடி. அதன் ஓரத்தில் அரை வட்டமாக வளைத்த, உயரம் குறைந்த கதவு. போர்டில் இங்கிலீஷ் பெரிதாகவும் தமிழ் சின்னதாகவும் இருந்தது. நான் மூன்று புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, "இதாங்க" என்று விரலால் காட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஃ... பே... ரி. ஆமா, கை இல்ல" என்றார்.

தேவதை என்று சொல்லியிருந்ததால் அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். நானும் விட்டேன். குனிந்து உள்ளே போனோம்.

உள்ளே பிஸ்கட் வாசனை மாதிரி ஒன்று இருந்தது. கட்டைவிரல் அளவு பொம்மைகள், எல்லாவற்றுக்கும் றெக்கை, நூலில் தொங்கின. கதவு திறந்த காற்றில் அத்தனையும் ஒரே பக்கமாகத் திரும்பி எங்களைப் பார்த்தன. காளான் வடிவத்தில் விளக்குகள். ஜிகினாத்தூள் போட்ட சின்னச் சின்ன பாட்டில்கள். கோழிக்குஞ்சுகூட உட்கார முடியாத நாற்காலி, அதற்கேற்ற மேசை, மேசைமேல் தேநீர்க் கோப்பை. எதற்கு இவ்வளவு சின்னதாகச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் செய்ததில் குறை இல்லை. கோப்பைக்குக் காது இருந்தது.

கடைக்கார அம்மா பெங்களூர்க்காரர். "செருப்பு போட்டுக்கிட்டே பரலாம் அண்ணா" என்றார். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருந்தது.

மகள் உள்பக்கமாக ஒரு சின்னப் பெண் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பியபோதுதான் பார்த்தேன். அவள் முதுகில் றெக்கை இருந்தது. கம்பியில் வலைத்துணி கட்டி, தோளில் எலாஸ்டிக் போட்டு மாட்டியிருந்தாள். வெளிர்நீலம். குழந்தைகள் வந்தால் கடையில் இருப்பவர்கள் அதை மாட்டிக்கொள்ள வேண்டுமாம்.

எங்களைப் பார்த்ததும் கழற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கழற்ற வேண்டுமே என்று நினைத்தேன் என்பதுதான் சரி. பையனின் தாய்மாமன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, குழந்தையிடம் கன்னடத்தில் பேசி முடித்து, அது கேட்ட பொருளைத் தாளில் சுற்றி அதன் அம்மாவிடம் கொடுத்து, அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள். றெக்கையோடு.

"வாங்க" என்றாள்.

அவர் அவளிடம் பேசவில்லை, என்னிடம் சொன்னார். "பொண்ணுக்கு றெக்கை மொளச்சிருச்சுன்னு நீங்க சொல்லவேயில்லையே."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்த்து இதைச் சொல்வது சின்ன விஷயமில்லை. மகள்தான் பதில் சொன்னாள்.

"கடை சாத்தறப்ப கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தாங்க ஊட்டுக்குப் போவேன்."

கடைக்கார அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். தாய்மாமன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை லேசாக அசைந்தது.

அதன்பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தார். பொருளைப் பார்ப்பதுபோல் ஆளை விசாரித்தார். சுவரின் அடிப்பக்கத்தில் சாண் அளவுக் கதவுகள் வரிசையாக இருந்தன. மரத்தில் செய்து, தாழ்ப்பாள் வைத்து, சாயம் அடித்தவை. குந்தி உட்கார்ந்து ஒன்றைத் திறந்தார்.

"இது எங்கம்மா போவுது?"

"எங்கயும் போவாதுங்க. அவங்கவங்க வீட்டுச் செவுத்துல ஒட்டிக்கறது."

"தொறந்தா?"

"செவுருதாங்க இருக்கும்."

"இதையும் காசு குடுத்து வாங்கறாங்களா?"

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க, நிக்க எடமிருக்காது. ராத்திரி தேவதை அது வழியா வரும்னு கொழந்தைங்க நம்புதுங்க. பல்லு விழுந்தா இந்த டப்பாவுல போட்டு, கதவுகிட்ட வெச்சிட்டுத் தூங்குதுங்க. தேவதை பல்ல எடுத்துக்கிட்டுக் காசு வெக்குமாம்."

"நாங்க சாணியில உருட்டிக் கூரைமேல வீசுனோம்."

"அபார்ட்மென்ட்ல கூரைக்கு எங்கங்க போறது?"

அவர் கதவை மூடினார், திறந்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு கடைக்கார அம்மாவிடம் போய் நேரடியாகக் கன்னடத்தில் கேட்டார். இந்தப் பெண் எவ்வளவு நாளாக வருகிறாள், தினமும் வருகிறாளா, எத்தனை மணிக்குப் போகிறாள் என்று. லாரி டிரைவர்களோடு பழகிய அளவுக்கு எனக்கும் அந்தப் பாஷை புரியும். சாவியே அவளிடம்தான் இருக்கிறது, காலையில் கடையைத் திறப்பது அவள்தான், தான் வர மத்தியானம் ஆகும் என்று அந்த அம்மா சொன்னார். எனக்கு அதுவும் தெரியாது. கூட நின்று நானும் விசாரிக்க வந்தவன் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது அவர் ஒரு சிவப்புக் கதவைக் கையில் எடுத்தார். "இதக் கட்டிக் குடும்மா."

"உங்க வீட்டுல கொழந்தைங்க இருக்குதுங்களா?"

"கொழந்தை இல்ல. ஊர்ல காட்டணும். வாயில சொன்னா எவன் நம்புவான்?"

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மெதுவாக என்னிடம் சொன்னார். பேரிகையிலிருந்து திரும்பிய அன்றே, பெண் சொன்ன கடை அங்கே இல்லை என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்களாம். "வாயி சும்மா இருந்தாத்தான? நானே போயி சொல்லிச் சரிபண்ணிக்கறேன், சம்பந்தி." திரும்பி வரும்போது கதவை மடியில் வைத்து, தாளைப் பிரித்து, ஓசூர் வரும்வரை அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அன்று சாயங்காலமே போன் வந்தது. எல்லாருக்கும் சம்மதம், நல்ல நாள் பாருங்கள் என்றார்கள். மனைவி கேசரி கிண்டினாள். வேலை முடிந்து வந்த மகள் கேசரியைத் தொடவில்லை.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள்.

"அவருதான் வந்து பாத்துட்டுப் போயிட்டாரே. இன்னும் என்னடி?"

"அவங்க மாமா மேல கோவமில்லம்மா. அவரு பெரியவரு, விசாரிச்சாரு. பையன்கிட்ட என் நம்பரு இருக்குதுல்ல? காலையில சாப்பிட்டியா, ராத்திரி சாப்பிட்டியான்னு தெனம் கேக்கத் தெரியுது. எந்தக் கடைன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கத் தெரியல. அவங்க வீட்டாளுங்களுக்குப் பஸ்ஸு மாறிப் பேரிகைக்குப் போவ மட்டும் தெரியுது." கேசரித் தட்டைத் தள்ளிவைத்தாள். "பையனே கடைக்கு வரட்டும். தனியா. என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"றெக்கை மாட்டினா இப்படியெல்லாம் பேச்சு வருமா? கைக்கு வந்தத ஒதறிடாதடி" என்று மனைவி கத்தினாள். நான் இதைப் போனில் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் உங்க அப்பாவைச் சொல்லச் சொல் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லோடிங் பகுதியில் பெட்டி அடுக்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டீ நேரத்தில் லாரிக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தேன்.

"பையன் கடைக்கு வரணுங்க. தனியா. எம்பொண்ணு அவருகிட்ட பேசணுங்குது. பேசிட்டுத்தான் முடிவு சொல்லுமாம். எனக்கும் அதுதாங்க சரின்னு படுது."

அவர் கேட்டார். "பேசறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"சரி, அனுப்பி வெக்கறேன். அவ்வளவு கேக்கற பொண்ணு நாளைக்கு எங்களையும் கேக்கும்." திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை பையன் வந்தான். பேக்கரி வாசலில் காத்திருந்து கடையைக் காட்டிவிட்டு, நான் பேக்கரியிலேயே நின்றுகொண்டேன். கடைக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கூட்டம் இருந்தது. அவன் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். கூட்டம் குறைந்தபின் மகள் ஸ்டூல் போட்டு ஏறி விளக்குச் சரம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தாள். அவன் சரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே பேசினார்கள். அவள்தான் அதிகம் பேசினாள். ஒருமுறை அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளும் கட்டுவதை நிறுத்திவிட்டாள். என் டீ ஆறிப்போனது. சம்பந்தம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவன் வெளியே வந்து, "வர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான். ரோட்டைத் தாண்டி நான் கடைக்குள் போனேன். மகள் இன்னும் ஸ்டூல் மேல் இருந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பேரிகைக்கு அவரும் போயிருந்தாராம்ப்பா. அவங்க மாமா அத நம்மகிட்ட சொல்லல. உரக்கடையில கேட்டதே இவருதானாம்."

"அதுக்கு நீ?"

"கிஃப்ட் கடைய உரக்கடையில ஏன் கேட்டீங்கன்னேன். பயந்துட்டேன், என்ன கேக்கறேன்னே தெரியலன்னாரு. எங்கிட்ட கேட்டிருக்கலாமேன்னேன். கேட்டா நீ போன வெச்சிடுவேன்னு நெனச்சாராம்." சரத்தின் முனையை என்னிடம் நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். "போயிருந்தேன்னு அவரு சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதயும் அவராத்தான் சொன்னாரு."

"அப்ப அவங்களுக்கு என்னம்மா சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லுப்பா. கொஞ்சம் தூக்கிப் புடி, தொங்குது."

நிச்சயம் ஆவணியில் முடிந்தது. கல்யாணம் தை மாதம். காவேரிப்பட்டினத்திலிருந்து இந்தக் கடைக்குத் தினம் வர முடியுமா, ஓசூரிலேயே வீடு பார்ப்பதா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. பேசுவது அவர்கள் இருவரும்தான்.

எழுதியது: புரட்டாசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.